மூன்றாவது கையெழுத்து

ஹூஸ்டன்
12 நவம்பர் 2005

மதிப்பிற்குரிய எலைன் ஹால்வர்சன் மேடம் அவர்களுக்கு,

துணி மூட்டை அனுப்பியதற்கு நன்றி சொல்லி லியோன்டீன் ரோஷோன் எழுதுவது. நான் சுகம். உங்கள் ஊர்ப் பனியில் மூக்கு உறைந்து விழாமல் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

மேலே உள்ளது உன் நூலகத்தில் யாராவது தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் அவர்களுக்கு. இனி உனக்கு மட்டும், அக்கா. நீ மூட்டை எதுவும் அனுப்பவில்லை. வெள்ளத்தில் அடிபட்டவர்களுக்கென்று மினசோட்டாவிலிருந்து கம்பளிக் கோட்டுகள் வந்து குவிகின்றன. ஹூஸ்டன் வெயிலில் அவற்றைப் பார்த்தாலே வேர்க்கிறது. அதைப் பார்த்துத்தான் இந்தப் பொய் தோன்றியது.

உன் முகவரி அம்மாவின் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. 74இல் நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டை. "பெண் குழந்தை, நலம்" என்று ஒரே வரி, கையெழுத்து இல்லை. நம்பர் தேடி நூமா அண்ணன்தான் போன் போட்டான். ஓர் ஆண் குரல், "எலைன் லைப்ரரிக்கு வேலைக்குப் போயிருக்கா, யாரு பேசறது?" என்றதாம். அண்ணன் "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டான். வைத்துவிட்டு என்னிடம் சொன்னான்: "நல்ல மனுஷன்தான் போல. ஆனா மாடு அசை போடற மாதிரி பேசறான்."

நீ போனபோது எனக்குப் பத்து வயது. நம் கறுப்பர் வீட்டுப் பிள்ளைகளின் நிறத்தை அப்பா சொல்வாரே, நான் காப்பி, நூமா கடுங்காப்பி, நீ மட்டும் பால் என்று. நியூ ஆர்லியன்ஸில் ரயில் ஏறியது எங்கள் யூலாலி. சிகாகோவில் இறங்கியது ஒரு வெள்ளைக்காரி. அதில் எனக்குக் கோபம் இல்லை, அல்லது இருந்து தேய்ந்துவிட்டது. இப்போது ஒரு கையெழுத்துத்தான் வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸில் நம் வீடு நிற்கிறது. உத்தரத்துக்கு இரண்டு விரற்கடை கீழேவரை தண்ணீர் நின்றிருக்கிறது. திருப்பிக் கட்ட உதவி உண்டு, ஆனால் பத்திரம் உள்ளவருக்கு மட்டும். நம் வீடு இன்னும் அப்பா பேரில் இருக்கிறது. அவர் செத்து இருபத்திரண்டு வருடம். எங்கள் தெருவில் பாதி வீடு செத்தவர்கள் பேரில்தான் நிற்கிறது. மூன்று பிள்ளைகளும் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் நம் பேருக்கு மாறும். ஜூன் முப்பது கடைசி. தவறினால் வீட்டை இடித்துவிடுவார்கள். நானும் அண்ணனும் போட்டுவிட்டோம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மூட்டை வாங்காத
டீன்


டுலூத், மினசோட்டா
20 டிசம்பர் 2005

அன்புள்ள திருமதி ரோஷோன்,

தாங்கள் தேறி வருவீர்கள் என நம்புகிறேன். நானும் என் குடும்பத்தாரும் நலம்.

தங்கள் கடிதம் தவறான கைக்கு வந்துவிட்டது. தாங்கள் தேடும் நபர் நான் அல்ல. எனக்கு உடன்பிறந்தோர் இல்லை. எனினும் தங்கள் துயரம் என்னைப் பாதித்தது. ஏழு படி ஏறிப் போகுமளவு உயர்த்திக் கட்டிய வீட்டிலேயே உத்தரம்வரை தண்ணீர் வந்ததென்றால் மற்றவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கவே முடியவில்லை.

துணி அனுப்பியதாகத் தாங்கள் எழுதியது பொய்யாகிவிட வேண்டாமென்று நீல நிறக் கோட்டு ஒன்று இத்துடன் அனுப்பியுள்ளேன். மேற்கொண்டு எழுத வேண்டாம்.

தங்கள் நலம் நாடும்
எலைன் ஹால்வர்சன்


ஹூஸ்டன்
3 ஜனவரி 2006

மேடம்,

புது வருடம் உங்களுக்கு நன்றாகப் பிறந்திருக்கும். எனக்குப் பல்வலியோடு பிறந்தது, மற்றபடி சுகம். கோட்டு கச்சிதம். என் அளவு தெரியாத ஒருவருக்கு நல்ல கை.

ஒரு சந்தேகம். படியைப் பற்றி நான் எழுதவே இல்லை. கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். இன்னொன்று, அது இப்போது ஏழு இல்லை, ஆறு. 69இல் நூமா அண்ணன் ஐஸ்பெட்டியை இறக்கும்போது அடிப்படியை உடைத்தான். நீ போன பிறகு நடந்தது, உனக்கு எப்படித் தெரியும் பாவம்!

சரி, நீ நீயில்லை. அந்த நீயில்லாதவளிடமே கேட்கிறேன். நாற்பத்து நாலு வருடமாகக் கேட்க ஆள் இல்லாமல் வைத்திருந்த கேள்விகள்.

திங்கட்கிழமை என்ன சமைக்கிறாய்? நம் ஊரே சிவப்பு மொச்சை வேகவைக்கும் திங்கட்கிழமையை அது இல்லாமல் எப்படிக் கழிக்கிறாய்? மழை நாளில் சுருண்டுகொள்ளும் உன் தலைமுடியை என்ன செய்கிறாய்? குழந்தை வயிற்றில் இருந்த ஒன்பது மாதமும் என்ன நிறத்தில் பிறக்குமோ என்று பயந்தாயா? பிறந்ததும் முதலில் காதுமடலைத்தானே பார்த்தாய்? பின்னால் வரப்போகும் நிறம் காதில்தான் தெரியும் என்று நம் அம்மாவும் அங்கேதான் பார்ப்பாள்.

இன்னொன்று. நாங்கள் இல்லாத இடத்தில் வெள்ளைக்காரர்கள் எங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள்? திட்டுகிறார்களா, அல்லது நினைப்பே வருவதில்லையா? இரண்டில் எது மோசம் என்று எனக்கும் அண்ணனுக்கும் ஒரு வாரமாகச் சண்டை. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவள் எங்களுக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். சொல்.

படியை எண்ணத் தெரியாதவளின்
தங்கச்சி டீன்


நியூ ஆர்லியன்ஸ்
1 மார்ச் 2006, சாம்பல் புதன்

அக்கா,

உன் ஊரில் பனி விட்டதா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

ஊருக்குத் திரும்பிவிட்டோம். வீட்டு வாசலில் அரசாங்கம் கொடுத்த டிரெய்லர். ஒரு வெள்ளைத் தகரப்பெட்டி. உள்ளே நான் திரும்பினால் அண்ணன் வெளியே போக வேண்டும். போன ஞாயிறு பூசை முடிந்து வந்து கதவைத் திறந்தால் யாரோ ஒரு பெரியவர் என் அடுப்பில் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறார்.

"யாருங்க நீங்க?"

"நீ யாரும்மா? இது என் வீடு."

"உங்க வீடு அடுத்தது. இது ரோஷோன் வீடு."

"சாவி நுழைஞ்சுதே!"

இருநூறு டிரெய்லருக்கு ஐந்தாறு தினுசுச் சாவிதானாம். "சாவி நுழைஞ்சா வீடு உங்களுதாயிடுமா? அப்ப நான் எதுக்கு வக்கீல் பின்னாடி அலையறேன்?" என்றேன். காப்பியைப் பாதி பாதி குடித்தோம். நன்றாகவே போட்டிருந்தார்.

நேற்றுத் திருவிழா. கூரை மூடிய நீலப் படுதாவைக் கவுனாகத் தைத்துப் போட்டுக்கொண்டு பெண்கள் ஆடினார்கள். ஒருவன், வெள்ளத்துக்குப் பின் தெருவெல்லாம் கிடந்த நாறின ஃபிரிஜ் வேஷம், கதவு திறக்காதபடி டேப் ஒட்டி. சிரித்து என் பல்வலியே போய்விட்டது. இன்று நெற்றியில் சாம்பல். வீட்டுக் கதவில் மஞ்சள் தாள் ஒட்டியிருக்கிறார்கள்: உரிமையாளர் வராவிட்டால் இடிப்பு.

அக்கா, ஒரே ஒரு கேள்வி, மற்றதை விட்டுவிடு. வெள்ளத்துக்குத் தப்பிப் பாலம் ஏறிய எங்களைப் போலீஸ்காரர்கள் துப்பாக்கி காட்டித் திருப்பி அனுப்பினார்கள். டிவிக்காரன் எங்களை அகதி என்றான். சொந்த ஊர்த் தண்ணீரிலேயே நின்றுகொண்டு அகதி! மிதந்து வந்த ரொட்டியை நான் எடுத்தால் கொள்ளை. நீ எடுத்திருந்தால் கண்டெடுத்தாய் என்று எழுதியிருப்பார்கள், அதே ரொட்டியை. நீ அதையெல்லாம் உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்திருப்பாய். பக்கத்தில் ஆட்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள்? அப்போது உன் முகம் என்ன செய்தது?

காத்திருக்கும்
டீன்


டுலூத்
27 மார்ச் 2006

டீன்,

பல்லை உடனே காட்டு. அப்பாவுக்கும் அப்படித்தான் தொடங்கியது.

பன்னிரண்டு முறை எழுதிக் கிழித்தேன். எழுத எழுத என் கையெழுத்து பழைய மாதிரி சாய ஆரம்பித்துவிடுகிறது.

கேட்டாயே, சொல்கிறேன். சோபாவில் என் கணவர் ஓரின், எதிர்வீட்டு மார்லிஸ், நான். மார்லிஸ் என் முப்பது வருட சிநேகிதி, கெட்டவள் இல்லை. கூரைமேல் நின்று கையசைத்தவர்களைப் பார்த்து, "முன்னாடியே கிளம்பியிருக்கலாமே, ஏன் இருந்தாங்க?" என்றாள். நான், "அதானே, ஏன் கிளம்பல?" என்றேன். கார் இல்லாதவர்கள் எதில் கிளம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். நம் அப்பா ஒரு நாளும் கார் வைத்திருந்ததில்லை. ஆனாலும் சொன்னேன். என் முகம் எதுவும் செய்யவில்லை, டீன். அதற்கு அவ்வளவு பழக்கம்.

பிறகு நிருபர் ஒரு பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நின்று, "இது டோர்ஜெனாய்ஸ் தெரு" என்றான். என்னையறியாமல், "டெர்ஷென்வா" என்று திருத்திவிட்டேன். சத்தமாக. நம் தெருவை அங்கே பிறந்தவன் மட்டும்தானே அப்படிச் சொல்வான். ஓரின் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?" "ஸ்கூல்ல பிரெஞ்சு படிச்சேனே." அவருக்கும் பிரெஞ்சு தெரியும். எந்தப் பிரெஞ்சிலும் அப்படி வராது என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை நான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் சண்டைக்குப் பதில்: அவர்களுக்கு உங்கள் நினைப்பே வருவதில்லை. அதுதான் மோசம். எனக்கு வேறு நினைப்பே இருந்ததில்லை.

கையெழுத்துப் போட முடியாது. இங்கே நோட்டரி ஓரினோடு படகில் மீன்பிடிக்கப் போகிறவர். என் மகள் பிரிட்டாவுக்கு இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். என்னைக் கேட்காதே.

திங்கட்கிழமை உருளைக்கிழங்கு.

யூ.


நியூ ஆர்லியன்ஸ்
10 ஏப்ரல் 2006

அக்கா,

பல்லைப் பிடுங்கியாயிற்று, சுகம். நீ எப்படியிருக்கிறாய் என்று கேட்க வேண்டியதில்லை, கடிதத்திலேயே இருக்கிறது.

உருளைக்கிழங்கா! அந்த ஒரு வரிக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

மற்றதற்குக் கோபம் வந்தது. ஆறினதும் எழுதுகிறேன். அம்மா செத்தபோது கோயிலில் கொடுக்கும் தாளில் "மூன்று பிள்ளைகளை விட்டுச் சென்றார்" என்று அச்சடிக்கச் சொல்லியிருந்தாள். கீழே பெயர் இரண்டுதான். வந்தவரெல்லாம், "அச்சுக்காரன் ஒண்ணு விட்டுட்டானே டீன்" என்றார்கள். "ஆமா, அவனுக்கு எண்ணத் தெரியல" என்று நூறு பேருக்குச் சொன்னேன். உன் பேரைப் போட்டால் எங்கோ யாரோ படித்துவிடுவார்களாம், எண்ணிக்கையைக் குறைத்தால் உனக்குப் பாவமாம். இந்தக் கணக்கு அவள் போட்டது. நான் தூக்கிச் சுமந்தது.

வக்கீல் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். பங்கு வேண்டாம் என்று எழுதித் தந்தாலும் நீதான் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் மாநிலத்துச் சட்டம், நோட்டரியோடு இரண்டு சாட்சியும் கூட நிற்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இணைக்க வேண்டும். பத்திரத்தோடு அதன் நகலையும் இதனுள் வைத்திருக்கிறேன். அதில் நிறம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, மை கொஞ்சமும் மங்கவில்லை. கோர்ட் வழி போனால் இரண்டு வருடம், அதற்குள் வீடு மண்.

இன்னொரு வழி உண்டாம். நீ பிள்ளையில்லாமல் செத்துவிட்டாய் என்று நானும் அண்ணனும் சத்தியப் பத்திரம் கொடுப்பது. அண்ணன் தயார். "நாப்பத்தஞ்சு வருஷமா வராதவ செத்தவதானேடி" என்கிறான். "செத்தவங்க டிவிக்காரனைத் திருத்த மாட்டாங்க" என்றேன்.

நீயே சொல். மூன்று பேர் பார்க்கக் கையெழுத்தா, இல்லை சாவா?

டீன்


டுலூத்
22 மே 2006

டீன்,

நலமாக இரு. நான் இறந்துவிட்டதாக எழுதிக்கொடுங்கள். தேதி கேட்டால் 1961 செப்டம்பர் என்று சொல்.

யூ.


நியூ ஆர்லியன்ஸ்
31 மே 2006

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். நீ உயிரோடு இருக்கிறாய். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றது பிறகு.

வெள்ளிக்கிழமை வக்கீல் ஆபீசுக்குப் போனோம். அண்ணன் கோட்டெல்லாம் போட்டிருந்தான், உன் சாவுக்கு மரியாதையாக. வக்கீல் இளம்பெண், காகிதத்தை வாசித்தாள்: "யூலாலி ரோஷோன் வாரிசின்றி இறந்தார் என்று அறிவேன்." அண்ணன் கையைத் தூக்கினான், ஆமென்றான், முடிந்தது. என் முறை வந்தது. கையைத் தூக்கினேன். நிற்கிறது. வாய் வரவில்லை.

"மிஸ் லியோன்டீன்?"

"எனக்கு பாத்ரூம் போகணும்."

போனேன். அந்த வழியாகவே தெருவுக்கு வந்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணன் இரண்டு மணி நேரம் கதவுக்கு வெளியே, "டீன், வயிறு சரியில்லையா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தானாம். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. நிலைமையை யோசித்துப் பார், இரண்டு பேரும் ஒரே தகரப்பெட்டிக்குள்.

தண்ணீரில் நான் பார்த்த செத்தவர்களை உனக்கு எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அவர்களில் ஒவ்வொருவருக்கும் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உயிரோடு இருக்கிற ஒருத்தியை அந்தப் பட்டியலில் என் வாயால் சேர்க்க முடியாது. நான்கு சுவருக்காக முடியாது.

அதனால் இதோடு விடுகிறேன். கையெழுத்து வேண்டாம். இனி கேட்க மாட்டேன். ஜூன் முப்பது வரும், இடிக்கட்டும். டிரெய்லர் இருக்கிறது. சாவி யாரிடம் வேண்டுமானாலும் கிடைக்கும்.

ஆனால் கடிதம் எழுது. வானிலை எழுது, போதும்.

உன்
டீன்


டுலூத்
23 ஜூன் 2006

டீன்,

நலம். நூமா சாப்பிடுகிறானா? அவனுக்குக் கோபம் வந்தால் சாப்பிட மாட்டான், கவனி.

காகிதம் இதனுள் இருக்கிறது. மை கொட்டியிருக்கிறது, மன்னித்துக்கொள். நான்கு பேர் கை மாறி வந்த தாள்.

உன் கடிதத்தைப் படித்த ஞாயிறே காலைச் சாப்பாட்டில் ஓரினிடம் சொன்னேன். முதலில் பெயரைச் சொன்னேன், பிறகு தெரு, பிறகு நீங்கள். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "சொல்லி முடிச்சிட்டியா?" "இல்ல." "அப்ப உக்காந்து சொல்லு." சொல்லி முடித்தபோது கஞ்சி கட்டியாகியிருந்தது. எழுந்து கொட்டகைக்குப் போய் இரண்டு நாள் படகு மோட்டாரைப் பிரித்துக்கொண்டே இருந்தார். நான் பெட்டியை எடுத்து வெளியே வைத்துப் பார்த்தேன், திரும்ப உள்ளே வைத்தேன். மூன்றாம் நாள் வந்து, "சாட்சிக்கு ஆள் வேணும்னியே" என்றார். கையைக் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டார். நாற்பத்தோரு வருடம் யாரோடு இருந்தோம் என்று அவர் யோசிப்பது, என்னைப் பார்க்கும்போதெல்லாம் தெரிகிறது.

இரண்டாவது சாட்சிக்கு நானே மார்லிஸைக் கூப்பிட்டேன். ஏன் என்று கேட்காதே, அவளாகத்தான் இருக்க வேண்டுமென்று தோன்றியது. நோட்டரி சான்றிதழைச் சத்தமாக வாசித்தார். நிறம் என்ற கட்டத்தில் குரல் தாழ்ந்தது. மார்லிஸ் அந்தக் கட்டத்தில் விரல் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"அன்னைக்கு டிவி பாக்கறப்ப, நான் சொன்னதுக்கு நீயும்தானே ஆமான்னே?"

"ஆமா."

"அது உன் சொந்தக்காரங்க."

"ஆமா, மார்லிஸ்."

கையெழுத்துப் போட்டாள். எப்போதும் காப்பி குடித்துவிட்டுத்தான் போவாள். அன்று போய்விட்டாள்.

பிரிட்டாவுக்குப் போனில் சொன்னேன். "யாரும்மா பொய், நீயா நானா?" என்று வைத்துவிட்டாள். பன்னிரண்டு நாளாக எடுப்பதில்லை.

யூலாலி என்று எழுதும்போது கடைசி எழுத்தை எப்படி முடிப்பேன் என்று மறந்துவிட்டது. அதுதான் அந்த இடத்தில் மை.

உன் அக்கா
யூலாலி


நியூ ஆர்லியன்ஸ்
3 ஜூலை 2006

அக்கா,

அண்ணன் சாப்பிடுகிறான். இரண்டு பேர் சாப்பாடு.

காகிதம் இருபத்தெட்டாம் தேதி போய்ச் சேர்ந்தது. வக்கீல் பெண் தன் சட்டத்தைக் காப்பாற்ற என்னிடம் கேட்டாள்: "எல்லா வாரிசும் உயிரோட இருக்காங்களா?" "போன மாசம் ஒருத்தி கொஞ்சம் சந்தேகமா இருந்தா. தேறிட்டா" என்றேன். அண்ணன் தான் சொன்ன சத்தியத்தை வாபஸ் வாங்கினான். "எங்க அக்கா உயிரோட இருக்கு" என்று சொல்லும்போது கோட்டுப் பொத்தானையே திருகிக்கொண்டிருந்தான். கதவில் இருந்த மஞ்சள் தாளை அவனே கிழித்தான்.

பிரிட்டாவைப் பற்றி உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நானும் உன்மேல் இருந்த கோபத்தில் நாற்பத்து நாலு வருடம் போனை எடுக்காமல்தானே இருந்தேன். அவள் அவ்வளவு வருடம் எடுத்துக்கொள்ள மாட்டாள்.

ஓரின் அத்தானிடம் கேட்டதாகச் சொல். வேண்டாமென்றால் சொல்லாதே.

டீன்


செயின்ட் பால், மினசோட்டா
19 ஆகஸ்ட் 2006

வணக்கம்.

நீங்கள் நலமா? உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை, அதனால் கூப்பிடாமலே தொடங்குகிறேன். நான் பிரிட்டா, எலைனின் மகள். அம்மாவோடு இன்னும் சரியாகப் பேச்சில்லை. அவள் உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு அனுப்பிவிட்டாள். இரண்டு முறை படித்தேன். கோபமாகத்தான் படித்தேன், படி எண்ணிக்கை வந்த இடத்தில் சிரித்துவிட்டேன்.

நீங்கள் நிறையக் கேள்வி கேட்கிறீர்கள். எனக்கும் சில உண்டு.

சின்ன வயதில் என்னை அம்மா வெயிலில் விடவே மாட்டாள். ஏரிக்கரையில் எல்லாப் பிள்ளைகளும் தண்ணீரில், நான் மட்டும் தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக நிழலில். தோல் நோய் வரும் என்பாள். அது இதற்காகத்தானா? என் தாத்தா என்ன வேலை செய்தார்? அவருக்குப் பாடத் தெரியுமா? எங்கள் வீட்டில் யாருக்கும் குரல் கிடையாது, என் சின்ன மகன் மட்டும் பாடிக்கொண்டே இருக்கிறான்.

அந்த வீட்டில் அம்மா எங்கே படுத்துத் தூங்குவாள்?

பிரிட்டா


நியூ ஆர்லியன்ஸ்
2 செப்டம்பர் 2006

பிரிட்டா கண்ணு,

நான் உனக்குச் சித்தி. கூப்பிட்டுப் பழக நாளாகும், அவசரமில்லை. உன் பிள்ளைகள் நலமா? நானும் உன் மாமாவும் நலம், சுத்தியல் பட்டு நசுங்கின என் கட்டை விரல் தவிர.

தொப்பி இதற்காகத்தான். அவளை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை, அது உங்கள் இருவர் பாடு. ஏரியில் நீ இறங்காமல் போனது எனக்கும் வருத்தம்தான். உன் தாத்தா பூச்சு வேலைக்காரர். ஊரில் பாதி வீட்டு உட்கூரையில் இருக்கும் சுண்ணாம்புப் பூ அவர் கைவேலை. சாரத்தில் ஏறினால் இறங்கும்வரை பாட்டு நிற்காது. கீழே நிற்பவர்கள், "ரோஷோன், வாயை மூடிக்கிட்டு பூசுப்பா" என்று கத்துவார்கள். உன் மகனிடம் சொல், யாராவது அப்படிச் சொன்னால் கேட்காதே என்று.

உன் அம்மா நடு அறையில் தூங்குவாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே கட்டில்தான், அவள் சுவர் ஓரம். எந்தச் சுவர் என்பதில்தான் இப்போது தகராறு. அடுத்த வீட்டுப் பக்கம் என்கிறான் உன் மாமா, தோட்டத்துப் பக்கம் என்கிறேன் நான். பூசணம் பிடித்த பலகையெல்லாம் பிரித்தாகிவிட்டது. வீடு முழுக்க வெறும் மரச் சட்டமாக நிற்கிறது, இந்தக் கோடியிலிருந்து பார்த்தால் அந்தக் கோடி தெரிகிறது. இருபத்தோராம் தேதி வியாழக்கிழமை தச்சர் வந்து அந்த அறைக்கு ஒரு ஜன்னல் அறுக்கப் போகிறார். அவள் படுத்த பக்கம் வைக்கலாம் என்று ஆசை.

அம்மாவுக்குப் போன் போட்டு எந்தப் பக்கம் என்று கேட்டு எழுது. அந்த வியாழனுக்குள் வேண்டும்.

உன் சித்தி
டீன்